முகவரி மாற்றம்

மரினெட், விஸ்கான்சின்
ஜனவரி 18

அக்கா,

போனை எடுக்கிறாய், என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இதுவாகத்தான் இருக்கும். எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

பாலத்தைத் தாண்டினால் மிச்சிகன், தாண்டியதும் உன் வீடு. இந்தக் கடிதமோ தெற்கே கிரீன் பே வரைக்கும் போய், முத்திரை குத்திக்கொண்டு, மறுபடி வடக்கே வந்து உன் கைக்குக் கிடைக்கும். நானே நடந்து வந்து கொடுத்திருக்கலாம். போன முறை வந்தபோது ஜன்னல் திரை ஆடியது, கதவு திறக்கவில்லை. மூக்கு விறைத்துப்போய்த் திரும்பினேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மருந்துக்கடையில் உன் பக்கத்து வீட்டு ஜெனீவைப் பார்த்தேன். "ரோலி, உங்கக்காவை மார்க்வெட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்களே, இந்தப் பனியில எப்படிப் போவா பாவம்" என்றாள். "எதுக்கு மார்க்வெட்டு?" என்று கேட்டேன். "ஐயய்யோ, உனக்குத் தெரியாதா?" என்றவள், வாங்க வந்த இருமல் மருந்தைக்கூட வாங்காமல் நழுவிவிட்டாள்.

கூடப் பிறந்தவனுக்குத் தெரியாதது ஜெனீவுக்குத் தெரிகிறது. நன்றாக இருக்கிறது. மூட்டு வலிக்கு யாரும் ஒருத்தியை அத்தனை தூரம் வடக்கே அனுப்ப மாட்டார்கள். அதுவும் பாலத்துக்கு இந்தப் பக்கம் இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியை வைத்துக்கொண்டு. என்ன உனக்கு?

திட்டுவதற்காவது எழுது.

ரோலி


மெனாமினி, மிச்சிகன்
ஜனவரி 25

ரோலிக்கு,

ஜெனீவ் வாயில் எதுவும் தங்காது. அவளிடம் நானாகச் சொல்லவில்லை. என்னை வண்டியில் கூட்டிப்போனவள் அவள், அதனால் தெரிந்துகொண்டாள்.

இடது மார்பில் கட்டி. ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதித்துவிட்டார்கள். புற்றுநோய். முதலில் அறுவை சிகிச்சை. அது ஆறியதும் கதிர்வீச்சு, சனி ஞாயிறு தவிர தினமும், ஒரு மாதத்துக்கு மேல்.

மார்க்வெட் எதற்கு என்று கேட்டாய். உன் பக்கத்து ஆஸ்பத்திரிக்கும் என் இன்ஷூரன்ஸ் திட்டத்துக்கும் இருந்த ஒப்பந்தம் இந்தப் புத்தாண்டோடு முறிந்துவிட்டது. கிரீன் பே டாக்டர்களும் திட்டத்தில் இல்லை. மிச்சிகனுக்குள், அவர்கள் பட்டியலில் இருக்கும் இடத்துக்குத்தான் நான் போகலாம். அது மார்க்வெட். என் படுக்கையறை ஜன்னலில் நின்றால் ஆற்றுக்கு அப்பால் உன் ஊர் ஆஸ்பத்திரியின் விளக்கு தெரிகிறது. திரையை இழுத்து மூடிவிட்டுப் படுக்கிறேன்.

இப்போது நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "நான் அப்பவே சொன்னேன்." சொன்னாய். எங்கே வைத்துச் சொன்னாய் என்பதையும் ஞாபகப்படுத்துகிறேன்.

போன தவக்காலத்தில், கிளப்பில், வெள்ளிக்கிழமை மீன் வறுவல் மேசையில். எனக்குப் புதுப் பல் கட்டியிருந்த சமயம். உன் கூட்டாளி பெர்னி என்னமோ சொல்ல, நான் வாய்விட்டுச் சிரித்தேன். நீ பிராந்தி கிளாஸைத் தூக்கிக்கொண்டு, "பாருங்கப்பா எங்கக்காவை! பல்லுக்காக உடம்பை வித்துட்டா. குதிரைச் சந்தையில நிக்கிற மாதிரி இளிக்கிறா பாரு" என்றாய். மேசை முழுக்கச் சிரித்தது. பரிமாற வந்த பெண்கூடச் சிரித்தாள்.

என் புருஷன் எம்மெட் செத்த வருஷத்திலிருந்து நான் கையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பேன். முன்பல் போய்விட்டது, கட்ட வழியில்லை. புதுப் பல் வந்த பிறகு அந்தக் கையை மறந்திருந்தேன். அன்றைக்கு மறுபடி கை தானாக மேலே போனது.

எனக்கு உன் உதவி எதுவும் வேண்டாம். கேட்டாய் என்பதால் எழுதினேன்.

ஆர்டிஸ்


மரினெட்
பிப்ரவரி 1

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெளியே போய்ப் பனியைத் தள்ளினேன். என் வாசல் முடிந்தது. பக்கத்து வீட்டு வாசலையும் தள்ளினேன். அவர் வெளியே வந்து, "என்ன ரோலி, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

அன்றைக்கு மேசையில் சொன்னது விளையாட்டுக்கு. இத்தனை நாள் அதை மனதில் வைத்துக்கொண்டு இருப்பாய் என்று நான் நினைக்கவில்லை. சரி, அதை விடு. இப்போது உடம்பைப் பார்ப்போம்.

நிதானமாகக் கேள். அறுபத்தைந்து ஆனவர்களுக்கு அரசாங்கம் தருவது மெடிகேர். டாக்டர் செலவில் நூற்றுக்கு எண்பது அவர்கள் கொடுப்பார்கள், மீதி நம் தலையில். சளி காய்ச்சலுக்குச் சமாளிக்கலாம். கேன்சருக்கு அந்த மீதியே வீட்டைத் தின்றுவிடும். அதற்குத்தான் நீயும் நானும் துணை இன்ஷூரன்ஸ் வாங்கி வைத்தோம். மாதா மாதம் கட்ட வேண்டும், வருஷா வருஷம் ஏற்றுகிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மெடிகேரை ஏற்றுக்கொள்ளும் ஆஸ்பத்திரி எதுவானாலும், நாட்டின் எந்த மூலையானாலும், நேரே உள்ளே போகலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

நீ அதை விட்டுவிட்டாய். சர்ச் கூடத்தில் அந்த இன்ஷூரன்ஸ் விற்கும் ஆள் வந்து எல்லோருக்கும் கோழியும் காய்கறியும் போட்ட பூயா சூப் ஊற்றிக் கொடுத்து, பல் இலவசம், கண்ணாடி இலவசம், ஜிம் இலவசம் என்றான். எழுபத்து நாலு வயதில் உனக்கு ஜிம் எதற்கு? மெடிகேருக்குப் பதிலாகத் தனியார் கம்பெனி நடத்தும் திட்டம் அது. அவன் போட்ட வேலிக்குள்தான் மேய வேண்டும். நான் அப்பவே சொன்னேன். (இந்த வரியை அடித்துவிட்டேன், பார். நீ படிக்கவில்லை.)

இப்போது செய்ய வேண்டியது சுலபம். மார்ச் கடைசிவரை அந்தத் திட்டத்திலிருந்து வெளியே வரலாம். வந்துவிடு. பழைய கம்பெனியைக் கூப்பிட்டு, "என்னைத் திரும்பச் சேர்த்துக்கோங்க" என்று சொல். ஒரு போன் போதும். அடுத்த மாதமே கிரீன் பேயில் பெரிய டாக்டரைப் பார்க்கலாம். நான் வண்டி ஓட்டுகிறேன்.

ரோலி


மெனாமினி
பிப்ரவரி 9

ரோலிக்கு,

ஒரு போன் போதும் என்றாய். செய்தேன். பழைய கம்பெனியில் ஒரு பெண் எடுத்தாள். நல்ல குரல், நம் மில்ட்ரெட் சித்தி மாதிரி.

"மேடம், சில கேள்வி கேக்கணும். சமீபத்துல கேன்சர்னு டாக்டர் யாராவது சொல்லியிருக்காங்களா?"

"போன மாசம் சொன்னாங்க."

"சாரி மேடம். இப்ப எங்களால தர முடியாது."

"ரிட்டயர் ஆனதுலேர்ந்து உங்ககிட்டதானேம்மா கட்டிக்கிட்டு வந்தேன்?"

"தெரியுது மேடம், இங்க இருக்கு. அறுபத்தஞ்சு வயசுல மெடிகேர்ல சேர்றப்ப எங்களால எதுவும் கேக்க முடியாது, சேத்துக்கிட்டே ஆகணும். அதை விட்டுட்டுப் போனா, அப்புறம் உடம்பைப் பத்திக் கேப்போம். முதல் தடவையா அந்த மாதிரி திட்டத்துக்குப் போனவங்களுக்கு மட்டும் ஒரு வருஷம் டைம் உண்டு. பிடிக்கலைன்னா பழையபடி வந்துரலாம், ஒரு கேள்வியும் கிடையாது. உங்களுக்கு அது டிசம்பரோட முடிஞ்சிருச்சு."

"டிசம்பரோடவா?"

"போன மாசம் கூப்பிட்டிருந்தீங்கன்னாகூட... இல்ல மேடம், அதுக்கு முந்தின மாசம். சாரி."

வேறு இரண்டு கம்பெனிகளையும் கேட்டேன். அதே கேள்வி, அதே பதில். துணை இல்லாமல் வெறும் மெடிகேருக்குத் திரும்பினால் நீ சொன்னதுபோல வீடு போய்விடும்.

ரோலி, டிசம்பரில் குளிக்கும்போது கட்டி கையில் தட்டியது. கிறிஸ்துமஸ் முடியட்டும் என்று விட்டுவிட்டேன். கேக் செய்து வைத்திருந்தேன். வழக்கம்போல நீ வந்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. நீ கத்தியிருப்பாய். கத்திக்கொண்டாவது யாரையாவது கூப்பிட்டு விசாரித்திருப்பாய். நீ வரவில்லை. நான் உன்னைக் கூப்பிடவில்லை. இதில் யார் தப்பு என்று யோசித்து யோசித்துக் களைத்துவிட்டேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். என்னை முட்டாள் என்று நினைக்காதே. உன் மெடிகேர் பல்லைப் பார்க்காது. நீ பெருமையடிக்கும் துணை இன்ஷூரன்ஸும் பார்க்காது. கண்ணாடி, காது மெஷின் எதுவும் கிடையாது. பல்லும் கண்ணும் காதும் உடம்பில் சேர்த்தி இல்லை என்று யார் முடிவு செய்தார்கள்? இருபத்தேழு வருஷம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டேன், கடைசியில் நானே ஓர் ஆப்பிளைக் கடிக்க முடியவில்லை. அந்த ஆள் சூப் ஊற்றினான் என்பதற்காக நான் போகவில்லை. ஆப்பிளுக்காகப் போனேன்.

வியாழக்கிழமை சர்ச் வேனில் மார்க்வெட் கிளம்பினோம். வழியில் எஸ்கனாபா ஊரைத் தாண்டியதும், பனிப்புயல் என்று சாலையை அடைத்துவிட்டார்கள். திரும்பி வந்துவிட்டோம். ஆபரேஷன் தேதியை மார்ச் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள். கதிர்வீச்சுக்கு அங்கேயே அறை எடுத்துத் தங்கச் சொல்கிறார்கள். தனியாக.

ஆர்டிஸ்


மரினெட்
பிப்ரவரி 16

அக்கா,

சுலபம் என்று எழுதினேனே, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். நான் ஒரு முறை சேர்ந்தவன், அப்புறம் அசையவே இல்லை. அதனால் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. பெரிய நிபுணன் மாதிரி உனக்குப் பாடம் எடுத்தேன்.

டிசம்பரைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். கிறிஸ்துமஸ் அன்றைக்கு வண்டியை எடுத்தேன். பாலம்வரை வந்தேன். "அவளே கூப்பிடட்டும்" என்று திரும்பிவிட்டேன்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு முதியோர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இன்ஷூரன்ஸ் சந்தேகம் தீர்த்துவைக்க ஒரு பெண் இருக்கிறாள், இலவசம்தான். மெனாமினி அலுவலகத்துக்குப் போன் போட்டு, அங்கேயும் இங்கேயும் பேசி, கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு கதவாக மூடிக்கொண்டே வந்தாள். கடைசியில் நிமிர்ந்து, "உங்கக்கா வீடு மாறுற மாதிரி ஏதாவது எண்ணம் இருக்கா?" என்று கேட்டாள்.

"எதுக்கு?"

"அவங்க திட்டம் நடக்கிற எல்லையை விட்டு வேற ஊருக்குக் குடிபோயிட்டா, திட்டம் தானா ரத்தாயிடும். அப்படி ரத்தானா, கம்பெனிங்க துணை இன்ஷூரன்ஸ் குடுத்தே ஆகணும். உடம்பைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கக் கூடாது. சட்டம் அது. ரெண்டு மாசத்துக்குள்ள எழுதிப் போட்டுடணும், அவ்வளவுதான்."

"எவ்வளவு தூரம் குடிபோகணும்?"

"எல்லைக்கு வெளிய எங்க போனாலும் சரி."

அக்கா, எல்லை எங்கே இருக்கிறது என்று யோசி. பாலத்தின் நடுவில் இருக்கிறது! இந்தப் பக்கம் காலை வைத்தால் எல்லை தாண்டியாகிவிட்டது. அந்தப் பெண்ணை அப்படியே கட்டிப்பிடித்திருப்பேன், நடுவில் மேசை இருந்தது.

நீ வீட்டை விட வேண்டாம். என் முகவரியை மட்டும் எழுதிக் கொடு. தபால் இங்கே வரும், நான் எடுத்து வைக்கிறேன். நீ பாட்டுக்கு உன் வீட்டில் இரு. எவன் வந்து பார்க்கப்போகிறான்? ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள்.

உடனே பதில் போடு.

ரோலி


மெனாமினி
பிப்ரவரி 22

ரோலிக்கு,

முடியாது.

நீ விஸ்கான்சினில் பீர் குடித்துவிட்டுக் காலி பாட்டில்களை மூட்டை கட்டி என் பக்கத்துக் கடைக்குக் கொண்டு வருவாயே, இங்கே பாட்டிலுக்குக் காசு திருப்பித் தருகிறார்கள் என்று. "தப்புடா, அது மிச்சிகன்ல வாங்கின பாட்டிலுக்குத்தான்" என்று சொன்னால், "பாட்டிலுக்குத் தெரியுமா அது எந்த மாநிலம்னு?" என்பாய். அதற்கே நான் கடையில் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். இது பாட்டில் இல்லை. பொய் முகவரி எழுதிவிட்டு ஆபரேஷன் மேசையில் போய்ப் படுக்க என்னால் முடியாது. பாதிச் சிகிச்சையில் ஒருவன் வந்து, "நீங்க இங்க குடியே இல்லையே" என்று சொன்னால் அப்போது என்ன செய்வாய்?

நிஜமாகவே குடிவரலாம். அதை நீ எழுதவில்லை. கவனித்தேன். எழுதாததும் நல்லதுதான், ஏனென்றால் நான் வரமாட்டேன்.

காரணம் வீடு இல்லை. வீடு மரக்கட்டைதான், வாடகைக்கு விட்டால் யாரோ இருப்பார்கள். காரணம் நீ. நீ கெட்டவன் இல்லை ரோலி. ஆனால் உன் நாக்குக்குக் கூட்டம் வேண்டும், கூட்டத்துக்குச் சிரிப்பதற்கு ஓர் ஆள் வேண்டும். சின்ன வயதிலிருந்து அந்த ஆள் நான்தான். நாளைக்குக் கீமோ மருந்தும் ஏற்றினால் தலைமுடி கொட்டும். ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். வாந்தி எடுப்பேன். அந்தக் கோலத்தில் உன் சாப்பாட்டு மேசையில் நான் உட்கார்ந்திருக்க, நீ பெர்னியை விருந்துக்குக் கூப்பிட்டு ஏதாவது சொல்வாய். விளையாட்டுக்குத்தான். அதைத் தாங்கும் தெம்பு எனக்கு இல்லை.

பயமாக இருக்கிறது. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரி எழுந்து எழுந்து கட்டியைத் தொட்டுப் பார்க்கிறேன், பெரிதாகிவிட்டதா என்று. ஆனாலும் மார்க்வெட்டுக்கே போகிறேன். அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது.

ஆர்டிஸ்


மரினெட்
மார்ச் 1

அக்கா,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகப்போகிறது. பதில் எழுத உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து எழுந்து, டியூக் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. நாய்க்கே என்மேல் பரிதாபம் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை கிளப்புக்குப் போனேன். அதே மேசை, அதே ஆட்கள். பெர்னி, டாலி, ஹார்லன், எல்லோரும். பெர்ச் மீன் வந்தது. நான் எழுந்து நின்றேன். "ஒரு விஷயம் சொல்லணும்" என்றேன். ஜோக் வரப்போகிறது என்று எல்லோரும் சிரிக்கத் தயாராக முள்கரண்டியைக் கீழே வைத்தார்கள்.

"போன வருஷம் இதே எடத்துல எங்கக்கா பல்லைப் பத்தி ஒண்ணு சொன்னேன். நீங்கல்லாம் சிரிச்சீங்க. அது அசிங்கமான பேச்சு. அதுக்கப்புறம் அவ என்கூடப் பேசலை. இப்ப அவளுக்கு உடம்பு சரியில்லை. நான் அன்னிக்கு வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா டிசம்பர்லயே எல்லாம் சரியாயிருக்கும்."

மீன் ஆறிக்கொண்டிருந்தது. எனக்கு எப்படி உட்காருவது என்று தெரியவில்லை. அப்புறம் டாலி, "நான் சிரிக்கலைன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன் இத்தனை நாளா. சிரிச்சேன் இல்ல?" என்று கேட்டாள். "சிரிச்ச" என்றேன். அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். பெர்னி என் தோளைப் பிடித்து உட்கார வைத்தான். அவனும் அந்த மாதிரித் திட்டத்தில்தான் இருக்கிறானாம், பல்லுக்காகச் சேர்ந்தது. என் வாய்க்குப் பயந்து ஒருவரிடமும் சொல்லவில்லையாம். "உன் இன்ஷூரன்ஸ் ஒசத்திதான் ரோலி, யார் இல்லேன்னா. அந்த மாசக் காசு எங்களால முடியலைடா" என்றான்.

நிஜமாகக் குடிவரச் சொல்லி நான் ஏன் எழுதவில்லை என்று கவனித்தாயே, அதற்குப் பதில் சொல்கிறேன். நீ வரமாட்டேன் என்று சொல்வாய் என்ற பயம். அதனால் கேட்காமல் விட்டேன். இன்னொன்றும் உண்டு. என் மனைவி ஷார்லீன் இதே வியாதியில் இந்த வீட்டில்தான் படுத்திருந்தாள். கடைசி மாதங்களில் நான் அவளைச் சிரிக்க வைக்க ஜோக் அடித்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் அவள், "கொஞ்ச நேரம் சும்மா இரேன் ரோலி" என்றாள். சும்மா இருக்க எனக்குத் தெரியவில்லை. வெளியே போய்விட்டேன். மறுபடி ஒருத்தரை இந்த வீட்டில் படுக்க வைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் உண்டா என்று தெரியாமல்தான் பொய் முகவரி என்று எழுதினேன். பொய் எனக்குச் சுலபம்.

இப்போது கேட்கிறேன். வா அக்கா. நிஜமாகவே வா. மாடி அறையில் கிடந்த தூண்டில், வலை, ஐஸில் துளை போடும் மெஷின் எல்லாவற்றையும் கொட்டகைக்குக் கொண்டுபோய்விட்டேன். மீன் நாற்றம் போக ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன். வீடே பனிக்கட்டியாகிவிட்டது. நாற்றம் இன்னும் போகவில்லை.

நீ சொன்னால் சும்மா இருக்கப் பழகுகிறேன்.

ரோலி


மெனாமினி
மார்ச் 7

தம்பி,

டாலி வந்து போனாள். வாசலில் நின்று அழுதாள், உள்ளே வந்து காபி குடித்தாள், மறுபடி அழுதாள். நீ அன்றைக்கு உன் மீனைத் தொடவே இல்லை என்று சொன்னாள். நீ அதை எழுதவில்லை.

வருகிறேன்.

ஆனால் சில விஷயங்களை இப்போதே பேசிவிடலாம். டியூக் என் கட்டிலில் ஏறக்கூடாது. சமையலறை எனக்கு, எழுந்து நிற்க முடிகிற நாளில். நான் வாந்தி எடுக்கும்போது கதவுக்கு வெளியே நின்று, "பரவாயில்லையா, பரவாயில்லையா" என்று கேட்டுக்கொண்டே இருக்காதே. பெர்னியைக் கூப்பிட ஆசைப்பட்டால் முதலில் என்னைக் கேள். "நான் அப்பவே சொன்னேன்" என்பதை அடித்துவிட்டும் எழுதக்கூடாது, வாயாலும் சொல்லக்கூடாது. மிச்சிகனுக்குப் பாட்டில் மூட்டை போகக்கூடாது. இனி நான் விஸ்கான்சின்காரி, உன் மானம் என் மானம்.

அலுவலகத்துப் பெண்ணோடு போனில் பேசினேன். குடிமாறும் தேதியைத் திட்டக்காரர்களிடம் சொல்லிவிட்டேன். ஏப்ரல் முதல் தேதி நான் மெடிகேருக்குத் திரும்பிவிடுவேன். அவள் தபாலில் அனுப்பிய துணை இன்ஷூரன்ஸ் விண்ணப்பத்தில் உடம்பைப் பற்றிய பக்கத்தை அவளே கோடு போட்டு அடித்துவிட்டாள், "இதை நீங்க தொடவே வேணாம்" என்று. அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கிரீன் பே டாக்டர் ஏப்ரல் முதல் வாரத்தில் ஆபரேஷன் செய்கிறேன் என்றிருக்கிறார். மார்க்வெட் தேதிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. "இதுக்கு மேல தள்ளாதீங்க" என்று மட்டும் சொன்னார். அக்குளில் ஒரு முடிச்சு இருக்கிறது, அது என்ன என்று திறந்து பார்த்தால்தான் தெரியுமாம்.

ஆகவே நான் வருவது குணமாகித் திரும்புவதற்காகவா, இல்லையா என்பது எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. தெரியாமலேயே கூட இருக்க முடியுமா உன்னால்? முடியாது என்றால் இப்போதே சொல், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இந்த வீட்டுக்கு ஒரு பள்ளி ஆசிரியை குடிவருகிறாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் உன் வண்டியைக் கொண்டு வா. சாமான் அதிகம் இல்லை.

அக்கா


மரினெட்
மார்ச் 13

பெறுநர்: ஆர்டிஸ், மாடி அறை, ரோலியின் வீடு

அக்கா,

முடியும் என்று போனில் சொன்னேன். நீ போனை வைக்காமல் கேட்டாய். எழுத்திலும் இருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். முடியும்.

தபால் பெட்டியில் என் பெயருக்குக் கீழே உன் பெயரை எழுதி ஒட்டிவிட்டேன். அலுவலகத்துப் பெண் சொல்லித்தான் செய்தேன், உனக்கு வரும் காகிதங்கள் தவறிப் போகக்கூடாது என்று. ஒட்டிக்கொண்டிருக்கும்போது தபால்காரர் வந்தார். "யாரு ரோலி இது, புதுசா?" என்றார்.

"எங்கக்கா. இங்க குடிவர்றா."

"எத்தனை நாளைக்கு?"

அவர் சும்மாதான் கேட்டார். வேறு சமயமாக இருந்தால் ஏதாவது ஜோக் அடித்திருப்பேன். "தெரியாது" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, மாடி அறைக் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். டியூக் கட்டிலில் ஏறி என் பக்கத்தில் படுத்தது. அதுதான் கடைசித் தடவை, நீ வந்த பிறகு ஏறாது.

அழுது முடித்ததும் சும்மாவே உட்கார்ந்திருந்தேன். ரேடியோ போடவில்லை, வெளியே ஓடவில்லை. என்னால் முடிகிறது அக்கா.

சமையல் மேசையில் உன் நாற்காலியை எனக்கு எதிரே போட்டிருக்கிறேன். ஒரு கிண்ணம் ஆப்பிள் வாங்கி வைத்திருக்கிறேன். கடிக்க முடிகிற நாளில் கடி. சிரிக்க முடிகிற நாளில் கையைக் கீழே வைத்துக்கொண்டு சிரி.

இந்தக் கடிதம் கிரீன் பே போய்த் திரும்புவதற்குள் நீ இங்கே வந்துவிட்டிருப்பாய். கையிலேயே கொடுத்திருக்கலாம்தான். ஆனால் இந்த முகவரிக்கு உன் பெயரில் ஒரு கடிதமாவது வந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. முத்திரை குத்தி, தேதி போட்டு, பொய் இல்லாமல்.

தபால் வந்ததும் நான் எடுக்க மாட்டேன். நீயே போய் எடு.

ரோலி